மழலை உறவுச்சொற்கள்

அம்மா, அப்பா, தாத்தா, அக்கா போல, குழந்தையின் வாயில் எளிதில் படியும் ஒலிகளால் அமைந்து, குடும்பத்தாரை விளிக்க வழங்கும் சொற்கள் மழலை உறவுச்சொற்கள் எனப்படும். உறவில்லாத மொழிகளிலும் இவை ஒத்து ஒலிப்பதால், மொழிகள் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பதற்கு இவற்றைச் சான்று காட்டுவோர் உண்டு. அந்த முடிவு நிற்காது. இச்சொற்களின் ஒலியைக் குழந்தையின் உடல் தருகிறது. பொருளை வளர்ந்தோரின் சமூகம் ஏற்றுகிறது. இலங்கை மலையகத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். திம்புள்ள தேயிலைப் பகுதியின் தலவாக்கலை, அக்கரப்பத்தனைத் தோட்ட லயங்களில் தாத்தா என்பவர் பாட்டனார். சிங்களத்தில் அதே சொல் தந்தையைக் குறிக்கும். இலங்கை முஸ்லிம்கள் பலரின் பேச்சுத் தமிழில் அது மூத்த சகோதரி. ஐயா தமிழருக்குப் பெரியவர், சிங்களவருக்கு அண்ணன். நானா இலங்கை முஸ்லிம்களுக்கு அண்ணன், இந்தி பேசுவோருக்குத் தாயின் தந்தை.

இவ்வொலி ஒற்றுமைக்கு விளக்கம் தந்தவர்களுள் முதன்மையானவர் மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன். மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் திரட்டிய 1,072 தாய், தந்தைச் சொற்களை அவர் 1960இல் வெளிவந்த கட்டுரையில் ஆராய்ந்தார். தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காடும் தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காடும் மூக்கொலி கொண்டவை. பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்க, மூக்கு வழியே முனகல் எழுகிறது. அதுவே பின்னர் பசிக்குரலாகி, பசி தீர்ப்பவளின் பெயராகிறது என்பது அவர் விளக்கம்.

அப்படியானால் பொருளும் இயற்கையிலேயே அமைந்ததுதானே என்று கேட்கலாம். 55 விழுக்காடு ஒரு சாய்வைக் காட்டும், விதியாகாது. ஜார்ஜிய மொழியில் மாமா தந்தை, தேதா தாய். தமிழுக்கு நெருங்கிய துளுவிலேயே அம்மெ தந்தை, அப்பெ தாய். தெலுங்கில் தந்தையை நான்னா என்பர். தமிழின் மாமாவோ தாயின் உடன்பிறந்தவர். அன்றியும், மழலையின் மேல் சமூகம் தன் கணக்கைக் கட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து மலையகக் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைக்கும் வந்தவர்களின் ஊர்வழக்கில் அப்பாயி, அம்மாயி என்ற சொற்கள் உண்டு. அப்பாவின் ஆயி, அம்மாவின் ஆயி என்று வழி பிரித்துச் சொல்லும் இந்த நுணுக்கம் எந்தக் குழந்தையின் நாவிலும் தானாகப் பிறப்பதில்லை.

சிங்களத்திலும் அம்மா, அக்கா இருப்பதால் தமிழுடன் அதன் தொடர்பு இச்சொற்களாலேயே உறுதியாகிறதே என்பது மற்றொரு வாதம். தொடர்பு உண்மை, ஆனால் இவை மட்டும் அதற்குப் போதா. வடமொழி அகராதிகளில் அக்கா தாயைக் குறிக்கிறது; அம்மா உலகெங்கும் புதிது புதிதாகப் பிறக்கக்கூடியது. தமிழின் மச்சினனைச் சிங்களத்தில் மஸ்ஸினா என்பது வலிய சான்று. மழலையில் தற்செயலாக உருவாகாத அச்சொல், மாமன், அத்தை பிள்ளைகளை மணமுறைக்கு உரியவராகப் பிரிக்கும் அமைப்பையும் உடன் கொண்டது. மொழிகளின் பழைய உறவைத் தேடுவோர் தொட்டிலருகே கேட்கும் சொற்களைவிட, மண உறவைக் குறிக்கும் சொற்களிலேயே தம் ஆய்வைத் தொடங்க வேண்டும்.