நாலு பேர்

1979 டிசம்பர். லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டை உங்கள் கண்ணில் படுகிறது. புல்வெளி, பூக்கள், பின்னால் ஒரு ரேஞ்ச் ரோவர் வண்டி. மூன்று ஆண்கள், ஒரு பெண். குடும்ப போட்டோ மாதிரி பாந்தமாக நிற்கிறார்கள். தலைப்பு: '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்'. அட, பார்ட்டிக்கு ஆச்சு என்று வாங்கிக்கொண்டு போகிறீர்கள்.

வீட்டில் போட்டால்? 20 பாட்டு இல்லை, 11தான். ஜாஸ், ஃபங்க் எதுவும் உருப்படியாக இல்லை. மின்கருவிகளின் முனகல், யாரோ காதருகே கிசுகிசுப்பது, தூரத்தில் அலறல். அப்புறம்தான் விஷயம் தெரியவரும். படம் எடுத்த இடம் பீச்சி ஹெட். இங்கிலாந்தின் தென்கரையில் 500 அடிக்கு மேல் உயரமான சுண்ணாம்புப் பாறை. உயிரை விட வருகிறவர்களால் பெயர் கெட்டுப்போன இடம்.

த்ராபிங் கிரிஸில் என்ற அந்தக் குழு 1975-ல் தொடங்கியது. ஜெனிசிஸ் பி-ஓரிட்ஜ், கோஸி ஃபானி டுட்டி, கிறிஸ் கார்ட்டர், பீட்டர் கிறிஸ்டோபர்சன். கார்ட்டர் கருவிகளைத் தானே செய்துகொள்வார். கிறிஸ்டோபர்சனுக்குப் பிழைப்பே அட்டை வடிவமைப்பு. பிங்க் ஃப்ளாய்டுக்கு அட்டை செய்த ஹிப்னாஸிஸ் நிறுவனத்தில் இருந்தவர். எந்தப் படத்தை வைத்தால் எவன் கை நீட்டுவான் என்று தெரிந்த ஆள்!

1976-ல் லண்டனில் அவர்கள் நடத்திய கண்காட்சியைப் பார்த்துவிட்டு, நாகரிகத்தையே நாசம் செய்யும் கூட்டம் என்றார் ஓர் எம்.பி. அரசுப் பணம் இதற்கா என்று பத்திரிகைகள் பாய்ந்தன. இவர்கள் அசரவில்லை. 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தக் கம்பெனி வைத்தார்கள். ஓர் இசை வகைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1977-ல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தலைப்பு, 'இரண்டாம் ஆண்டறிக்கை'. ஆபீஸ் ஃபைல் மாதிரி வெள்ளை அட்டை. அச்சிட்டது 785 பிரதி. பி.காம். படித்த எனக்கு இந்தக் குறும்பு ரொம்பப் பிடிக்கும்.

பிடிக்காததும் உண்டு. கம்பெனியின் சின்னம் ஏதோ ஆலைக் கட்டடம் போலிருக்கும். உண்மையில் அது ஆஷ்விட்ஸ். லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற இடத்தை லேபிளாக ஒட்டுவதற்கு ஆயிரம் கலைக் காரணம் சொல்லலாம். எனக்கு ஒன்றும் செரிக்கவில்லை. பீச்சி ஹெட் படம் அப்படியல்ல. அது எதையும் காட்டுவதில்லை. பயம் உங்களிடமிருந்தே கிளம்புகிறது. 1981 மறுபதிப்பு அட்டையில் காலடியில் ஒரு நிர்வாண உடலைக் கிடத்தினார்கள். பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

அந்த வருஷமே குழு கலைந்தது.

ஆல்பத்தில் 'பர்சுவேஷன்' என்று ஒரு பாட்டு. ஒருவன் ஒரு பெண்ணை நைச்சியமாகப் பேசி இணங்க வைப்பதுதான் சங்கதி. பாடுவது ஜெனிசிஸ். கேட்கவே கூசும், ஆனாலும் வெறும் வேஷம் என்றுதான் பலரும் கேட்டார்கள். 2017-ல் கோஸியின் சுயசரிதை வந்தது. ஜெனிசிஸுடன் வாழ்ந்த காலத்தில் தன்னை அடக்கியதாகவும் அடித்ததாகவும் அதில் எழுதினார். ஜெனிசிஸ் மறுத்தார். 2020-ல் காலமானார்.

இப்போது அந்த அட்டையை எடுத்தால் நான் பாறையைப் பார்ப்பதில்லை. நாலு பேரில் அந்த ஒரு பெண் யார் பக்கத்தில் நிற்கிறார் என்றுதான் பார்க்கிறேன்.