கடலரிப்புக் களங்களில் கரிமக் காலக்கணிப்பு

அலை, புயல், காற்று ஆகியவற்றால் அழிந்துவரும் கடலோரத் தொல்லியல் களங்களின் காலத்தை, அங்கு எஞ்சிய உயிர்ப்பொருள்களிலுள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு கணித்தல்.

முறை: கார்பன்-14இன் அரைவாழ்நாள் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் என்பதால், சுமார் 50,000 ஆண்டுகள் வரை கணிக்கலாம். அரிப்பால் வெளிப்பட்ட மண் முகப்பைச் செதுக்கிச் சீராக்கி, அடுக்குவாரியாகக் கரித்துண்டு, கருகிய தானியம், விலங்கெலும்பு ஆகியவை மாதிரிகளாக எடுக்கப்படும். கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைநிறமாலை முறைக்குச் சில மில்லிகிராம் கரிமமே போதும். கடற்சிப்பிகள் உண்மையான காலத்தைவிடச் சில நூற்றாண்டுகள் பழமையாகத் தோன்றுவதால் அவற்றுக்குத் தனித் திருத்தம் தேவை.

வரலாறு: 1940களின் இறுதியில் கரிமக் கணிப்பை உருவாக்கிய வில்லார்ட் லிபி, 1960இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். கடலோரக் களத்தில் இக்கணிப்பு பயன்பட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு, ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் 1850ஆம் ஆண்டுப் புயலில் வெளிப்பட்ட ஸ்காரா பிரே குடியிருப்பு. அதை அகழ்ந்த தொல்லியலாளர் கார்டன் சைல்டு, முதலில் இரும்புக் காலத்தது எனக் கருதினார். 1972–73 அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் கரிமக் கணிப்பு, அது கி.மு. 3100–2500 அளவிலான புதிய கற்காலக் குடியிருப்பு என உறுதிப்படுத்தியது. 1999இல் அது உலக மரபுச் சின்னமானது.

பயன்பாடு: எந்தக் களத்தை முதலில் அகழ்வது, எதற்குத் தடுப்புச்சுவர் அமைப்பது என முடிவுசெய்யவும், அழியவிருக்கும் அடுக்குகளின் கால வரிசையைப் பதிவுசெய்யவும் இக்கணிப்பு உதவுகிறது.