சீதனமும் கல்வியும்: உடுவிற் பெண்கள் பாடசாலையின் வரலாறு

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியிலுள்ள உடுவில் என்னும் ஊரில் 1824ஆம் ஆண்டில் ஒரு பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கிற்று. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. அதன் தொடக்க காலத்தில் விந்தையான வழக்கம் ஒன்று இருந்தது. மகளுக்குச் சீதனம் கொடுத்தல் பெற்றோர் கடன் என்றிருந்த நாட்டிலே, தன்னிடம் கற்றுத் தேறிய பெண்ணுக்கு அப்பாடசாலையே சீதனம் கொடுத்தது. உணவும் உடையும் புத்தகமும் இலவசம். மணமாகும்போது ஒரு தொகைப் பணமும் உண்டு. கற்பிப்பவரே கற்பவருக்குப் பொருள் கொடுக்க நேர்ந்தமைக்குக் காரணம் யாது?

அக்காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் ஊர்தோறும் இருந்தன. ஆண்பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகி, ஏட்டுச்சுவடி வாசித்து, நிகண்டும் எண்சுவடியும் மனனஞ் செய்தனர். பெண்பிள்ளைகளுக்கோ அங்கே இடமில்லை. கோவிற் பணிசெய்த ஆடல் மகளிர் சிலர் எழுத்தறிந்திருந்தமையால், குடும்பப் பெண்ணுக்கு ஏடு தகாது என்ற எண்ணமும் வேரூன்றியிருந்தது. ஏழை வீட்டுச் சிறுமி தம்பி தங்கையரைப் பார்த்தாள், தாய்க்கு உதவினாள், பருவமடைந்ததும் வீட்டினுள் அடங்கினாள்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். அடுத்து வந்தவர்களுள் மைரன் வின்ஸ்லோ ஐயரும் அவர் துணைவியார் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும் அடங்குவர். ஐயர் 1862இல் வெளியான தமிழ் ஆங்கில அகராதியாற் புகழ்பெற்றவர். அம்மையாரோ, தமது ஊராகிய நோர்விச்சில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலை நடத்தும் தொண்டில் இளமையிலேயே ஈடுபட்டவர். இருவரும் 1820இல் உடுவிலிற் குடியேறினர். அவ்வாண்டிலேயே இலங்கை அரசாங்கம் புதிய அமெரிக்கர் எவரும் வரலாகாதெனத் தடைவிதித்தது. அச்சுத்தொழிலுக்கென வந்த ஒருவரும் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். 1833 வரை நீடித்த அத்தடையினால், முன்னரே வந்திருந்த சில குடும்பத்தினரே எல்லாப் பணிகளையும் சுமக்க வேண்டியதாயிற்று.

முதல் மாணவியர் சேர்ந்த விதம் பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மாரிகால மாலை ஒன்றில், மழைக்கு ஒதுங்கிய இரு சிறுமியர் வின்ஸ்லோ அம்மையார் வீட்டில் உணவுண்டு உறங்கினராம். பிறர் கைச்சோறு உண்ட பிள்ளைகளைத் திரும்ப ஏற்பதெப்படி எனப் பெற்றோர் தயங்க, அவர்களை அங்கேயே நிறுத்திக் கற்பிக்க அம்மையார் அனுமதி பெற்றாராம். செய்தி எத்துணை உண்மையாயினும், ஒரு பிடி சோற்றினுள் எத்தனை தடைகள் அடங்கியிருந்தன என்பதை அது காட்டுகின்றது. அத்தடைகளைக் கடக்கவே உணவும் உடையும் சீதனமும் வேண்டியிருந்தன.

இச்செலவுக்கான பணம் பெரும்பாலும் அமெரிக்கச் சிற்றூர்களிலிருந்து வந்தது. அங்குள்ள மாதர் சங்கங்களும் சபையாரும் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒவ்வொரு பிள்ளையின் பராமரிப்பை ஏற்றனர். தாம் காணாத நாட்டிற் காணாத பிள்ளைக்கு அவர்கள் செய்த உதவி பெரிது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. உதவியவர் விரும்பிய பெயர் பிள்ளைக்கு இடப்பட்டது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரல் விசுவநாதபிள்ளை முதலிய அறிஞர் பெயர்களில் அவ்வழக்கத்தின் சுவடு இன்றும் காணப்படும். பெண்பிள்ளைகளும் அவ்வாறே பெயர் பெற்றனர். கல்வியோடு சமயமும் போதிக்கப்பட்டது. மதமாற்றமே மிஷனின் முதல் நோக்கம். ஆதலால் சைவப் பெற்றோர் கொண்ட அச்சத்தை வெறும் அறியாமை என ஒதுக்குதல் நீதியாகாது.

ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1833இல், தமது முப்பத்தாறாம் வயதிற் காலமானார். ஸ்போல்டிங் ஐயரும் அவர் துணைவியாரும் பாடசாலைப் பொறுப்பை ஏற்றனர். மணமாகாத மாதராகிய எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் நியூயோர்க்கிலிருந்து வந்து சேர்ந்தார். 1879 வரை உடுவிலிற் கற்பித்து, 1883இல் மானிப்பாயில் மறையும்வரை, அவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பினாரல்லர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் கற்றனர். ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என அவர் அழைக்கப்பட்டார். முதலிற் கற்ற பெண்கள் பின்னர்த் தம் மகளிரையும் அவரிடமே அனுப்பினர்.

மாற்றத்தின் வேர் அங்கேதான் இருந்தது. எழுத்தறிந்த தாய் தன் மகளையும் கற்பிக்க விரும்பினாள். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற இளைஞரும் கற்ற மனைவியரை நாடினர். காலப்போக்கிற் பாடசாலை சீதனம் கொடுப்பது நின்றது. பெற்றோர் கட்டணம் செலுத்தத் தொடங்கினர். முன்பு சீதனம் கொடுத்துக் கற்பித்த கல்வி, பின்பு பெண்ணின் சீதனத்துள் ஒன்றாயிற்று.

சைவ மக்களும் தமக்கெனப் பாடசாலைகள் அமைக்க முற்பட்டனர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல், உடுவிலுக்கு அண்மையிலுள்ள மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரி அமைத்தார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து சைவத்தைத் தழுவிய அவர் துணைவியார் லீலாவதி அம்மையார், 1953இல் மறையும்வரை அக்கல்லூரிக்கெனவே வாழ்ந்தார். தாய்ச் சமயத்தை விடாமலே மகள் உயர்கல்வி பெறலாம் என்னும் நம்பிக்கை அதனாற் பரவிற்று.

எனினும் இவ்வாயில்கள் எல்லார்க்கும் ஒப்பத் திறந்திருக்கவில்லை. உதவிபெறும் பாடசாலைகளிற் சாதி வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் அளிக்கவேண்டுமென 1929, 1930ஆம் ஆண்டுகளில் வற்புறுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் எரியூட்டவும் பட்டன. தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுமி, பெண் என்பதால் ஒருமுறையும் பிறப்பால் ஒருமுறையும் தடுக்கப்பட்டாள்.

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தொலைதேசத்தார் இரங்கிக் கொடுத்த பொருள் நாட்டுப் பிள்ளைகளின் உரிமையாயிற்று. உடுவிற் பாடசாலை 2024இல் இருநூறாண்டு நிறைவெய்தியது. ஆயினும் வறுமையாலும் வீட்டுப் பொறுப்பாலும் பள்ளி வாயிலை அடையாத சிறுமியர் இன்றும் உளர். அவர்பொருட்டுத் தொண்டர் வேண்டியே உள்ளது. அத்தொண்டினர்க்கு உடுவில் வரலாறு இரண்டைக் கற்பிக்கும். பசித்த பிள்ளைக்குச் சோறும் புத்தகமும் ஒருங்கே கொடுத்தல் வேண்டும். கொடுத்தபின் அப்பிள்ளை தன் பெயரோடும் தன் சமயத்தோடும் நிமிர்ந்து நிற்க இடமளித்தலும் வேண்டும்.