ஜெர்மனியில் எம்.எஸ். எலக்ட்ரிக்கல்: ‘ஃபீஸே இல்லை’ என்பது உண்மையா?

ட்ரிபிள்-இ முடிச்சு, ரெண்டு வருஷம் வேலையும் பார்த்தாச்சு. ‘ஜெர்மனியில படிப்பு இலவசமாமே’ என்று யோசிக்கிறீர்களா? பாதி உண்மைதான்.

கட்டணம் எவ்வளவு?
பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது; சிறிய செமஸ்டர் கட்டணம் மட்டுமே. ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், 2017 முதல் இந்தியர்கள் உள்ளிட்ட வெளிநாட்டினருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்கால செமஸ்டர் முதல், முதுநிலைப் படிப்புகள் பெரும்பாலானவற்றுக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. நான்கு செமஸ்டருக்குப் பெருக்கினால் முன்னது 6,000. பின்னது 16,000 அல்லது 24,000.

விசாவுக்கு?
ஃபீஸ் இல்லாத இடத்துக்கும் பணம் காட்டணும். 2024 செப்டம்பர் முதல் ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ. அது உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோ எடுக்கலாம். இந்தியப் பட்டத்தைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றிதழும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம்.

எதை வைத்துத் தேர்வு செய்வது?
ரேங்கிங்குக்கு முன்னால் பாடப்பட்டியலைப் பாருங்கள். பெயர் ஒன்றுதான்; ஓரிடத்தில் பவர் சிஸ்டம்ஸ், இன்னோரிடத்தில் சிப் டிசைன் முக்கியமாக இருக்கும். உங்கள் பி.இ. பாடங்கள் அதற்குப் பொருந்தாவிட்டால், நல்ல மார்க் இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம்.

படித்தபின்?
வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம். வகுப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் பல கம்பெனிகள் ஜெர்மன் கேட்கும். அதனால் மொழி வகுப்பை இங்கேயே தொடங்கிடுங்க; விமானம் ஏறும்வரை தள்ளிப்போடாதீங்க.