மலைப்பூண்டைத் தேடிப் போகும் ஒரு கேள்வி

கொடைக்கானலைத் தாண்டி மேற்கே போனால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை என்று பழனி மலைகளின் மேல்மட்ட ஊர்கள் வரும். படிக்கட்டு வயல்களில் அங்கே விளைவதுதான் கொடைக்கானல் மலைப்பூண்டு. ஓர் உருண்டை சராசரியாக 20 முதல் 30 கிராம் இருக்கும். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். நெடி தூக்கலாக அடிக்கும், பத்திரப்படுத்தினால் ஒரு வருடம் வரை தாங்கும். பிடுங்கிய பூண்டைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பது மலை வழக்கம். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தப் பூண்டுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. மலையிறங்கி, காட்ரோடு வந்து, தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். வியாழனும் ஞாயிறும் அங்கே பூண்டுச் சந்தை. கமிஷன் கடைக்காரர் ஒரு பல்லை உரித்து நசுக்கி முகர்ந்து பார்ப்பார், அது எந்த மலை, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். எந்த ஊர் வியாபாரிக்கு இந்த ரகம் வேண்டும், எந்த லாரி அந்தப் பக்கம் போகிறது, பணம் எப்போது வரும், அதுவரை விவசாயிக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவர் தலையிலேயே இருக்கும். தேவையையும் சரக்கையும் சேர்த்துவைப்பது ஒரு வேலை, அதற்கு வண்டியும் பணமும் கோத்துக் கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒருவரே செய்கிறார், அதற்குக் கமிஷன் வாங்குகிறார்.

இந்த இரண்டு வேலைகளையும் மென்பொருளிடம் ஒப்படைக்க முடியுமா என்று கணினித் துறை கால் நூற்றாண்டாக முயன்று வருகிறது. இணையத்தில் ஆயிரக்கணக்கான சேவைகள் இருக்கும், ஒவ்வொன்றும் தான் என்ன செய்வேன் என்று எழுதிவைத்திருக்கும், ஒரு நிரல் அதைப் படித்துத் தனக்குப் பொருத்தமானதைத் தானே கண்டுபிடிக்கும், பல சேவைகளைக் கோத்து ஒரு காரியத்தை முடிக்கும் என்பதே அந்தக் கனவு. 2000-ல் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரீபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து யுடிடிஐ என்ற பொதுப் பதிவேட்டைக் கொண்டுவந்தன. உலகத்துச் சேவைகள் எல்லாம் ஒரே தொலைபேசிப் புத்தகத்தில் வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அந்தப் பதிவேட்டில் தேடுவது பெயரையும் வகைக் குறியையும் வைத்துத்தான். சேவை உள்ளே என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. 2006 ஜனவரியில் அந்தப் பொதுப் பதிவேட்டை மூடிவிட்டார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கூட்டம் அர்த்தத்தின் பக்கமிருந்து வந்தது. 2004-ல் ஓடபிள்யூஎல்-எஸ் என்ற விவரிப்பு மொழி, வலைத்தரங்களைப் பேணும் டபிள்யூ3சி அமைப்பிடம் சமர்ப்பிக்கப்பட்டது. ஒரு சேவை என்ன கேட்கும், என்ன தரும், தொடங்குமுன் எது உண்மையாக இருக்க வேண்டும், முடிந்தபின் உலகத்தில் எது மாறியிருக்கும் என்ற நான்கையும் எழுதச் சொன்னது அது. இந்த நான்கும் கையில் இருந்தால், ஒன்றின் முடிவு இன்னொன்றின் தொடக்க நிபந்தனையோடு ஒட்டுகிறதா என்று பார்த்துச் சேவைகளைச் சங்கிலியாகக் கோக்கலாம். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2002-ல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பவுலூச்சி, கவமுரா, பெய்ன், கேத்தியா சைகாரா ஆகியோர் பொருத்தத்தை நான்கு படியாகப் பிரித்திருந்தார்கள். கேட்டதும் கிடைப்பதும் ஒன்றே என்றால் முதல் படி. கிடைப்பது கேட்டதைவிடப் பரந்த வகை என்றால் இரண்டாவது. கிடைப்பது கேட்டதன் ஒரு பகுதி மட்டும் என்றால் மூன்றாவது. உறவே இல்லையென்றால் நான்காவது, அதாவது தோல்வி. எழுத்து ஒற்றுமைக்கு இதில் இடமில்லை. கருத்துகளின் குடும்ப மரத்தில் எது எதற்குக் கீழே வருகிறது என்பதுதான் கணக்கு.

அழகான வேலை அது. ஆனாலும் சந்தைக்கு வரவில்லை. அந்த நீண்ட விவரிப்புகளை உட்கார்ந்து எழுத யாரும் முன்வரவில்லை, ஆளுக்கொரு குடும்ப மரம் வரைந்தார்கள் என்பதே என் கணிப்பு. தர்க்கம் பழுதில்லை, பொதுச்சொல் அகராதிதான் பிறக்கவில்லை.

அந்த அகராதியை முதலில் போடுவோம் என்று இறங்கியதுதான் பெக்ன் நெறிமுறை. நந்தன் நிலகேணி, பிரமோத் வர்மா, சுஜித் நாயர் ஆகியோர் முன்னெடுத்தது. அதன்மேல் கட்டப்பட்டது, வாங்கும் செயலிகளையும் விற்கும் செயலிகளையும் இணைக்கும் திறந்த வணிக வலையமைப்பான ஓ.என்.டி.சி. அது 2021 டிசம்பர் 31 அன்று லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானது. 2022 ஏப்ரல் 29 அன்று ஐந்து இடங்களில் முன்னோட்டம் தொடங்கியது, அந்த ஐந்தில் ஒன்று கோயம்புத்தூர். பழனி மலைகளிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர்தான். எல்லாவற்றையும் விவரிக்கும் பெருங்கனவை இவர்கள் எடுக்கவில்லை. தேடு, தேர்ந்தெடு, தயார்செய், உறுதிசெய், நிலை சொல், ரத்துசெய் என்று சில வினைகளை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். ஒவ்வொரு துறைக்கும் எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று வரையறுத்தார்கள்.

இனி இந்த வலையமைப்பில் ஒரு கேள்வியின் பயணம். சென்னையில் ஒருவர் வாங்கும் செயலியில் 'கொடைக்கானல் மலைப்பூண்டு, ஒரு கிலோ' என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலி அதை ஒரு சிறு தாளாக மடிக்கிறது. தாளின் தலைப்பகுதியில் துறை மளிகை என்று இருக்கும். ஊர் என்ற கட்டத்தில் எஸ்.டி.டி. எண் வரும். எஸ்.டி.டி. பூத்துகள் தெருவிலிருந்து மறைந்த பிறகும் சென்னையின் 044-ம் கொடைக்கானலின் 04542-ம் இங்கே புது வேலை பார்க்கின்றன. அதோடு பரிவர்த்தனை எண், செய்தி எண், எத்தனை வினாடிக்குள் பதில் வர வேண்டும் என்ற கெடு. கடைசியில் அனுப்பும் செயலியின் டிஜிட்டல் கையொப்பம். வாங்குகிறவர் பெயர் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. கேள்வி பெயரில்லாமல்தான் கிளம்புகிறது.

அது முதலில் கேட்வேக்குப் போகிறது. கேட்வே பொதுப் பதிவேட்டைப் பார்க்கிறது. பதிவேட்டில் இருப்பது எந்த விற்பனைச் செயலி எந்தத் துறையில், எந்த ஊருக்கு, எந்த முகவரியில், எந்தப் பொதுச்சாவியோடு இயங்குகிறது என்பது மட்டுமே. பூண்டு என்ற சொல் அங்கே கிடையாது. யுடிடிஐ போன வழியில் இது போகாததற்குக் காரணமே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பதிவேடு ஆளை மட்டும் காட்டுகிறது, சரக்கைப் பற்றி ஆளிடமே கேட்கச் சொல்கிறது. கேட்வே கேள்வியைப் பிரதியெடுத்துப் பொருத்தமான எல்லா விற்பனைச் செயலிகளுக்கும் அனுப்புகிறது. ஒவ்வொன்றும் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டுத் தன் பட்டியலைப் புரட்டுகிறது. (நடைமுறையில் வாங்கும் செயலிகள் பல, விற்பனைப் பட்டியல்களை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிவைத்து, மாறியதை மட்டும் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்கின்றன. அப்போது இதே பொருத்தம் பார்க்கும் வேலை வாங்கும் செயலிக்குள்ளேயே நடக்கும்.) சென்னைக்கு அனுப்புவேன் என்று தன் கடை விவரத்தில் அறிவிக்காத மலைக்கடை இந்தக் கட்டத்திலேயே கண்ணில் படாமல் போய்விடும்.

இப்போது மூன்று பதில்கள் வருகின்றன என்று கொள்வோம். ஒன்றில் 'பூண்டு' என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் 'மலைப்பூண்டு, முதல் தரம்'. மூன்றாவதில் 'மன்னவனூர் பூண்டு, புகை காட்டியது'. எழுத்தை மட்டும் ஒப்பிடும் தேடல் இரண்டாவதை உச்சியில் நிறுத்தும். ஆனால் தமிழ்நாட்டுக் கடைகளில் மலைப்பூண்டு என்று விற்பதில் இமாச்சலப் பிரதேசத்திலிருந்து வருவதும் சேர்த்தி. அதுவும் மலையில் விளைந்ததுதான், விற்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டவருக்கு வேண்டியது அதுவல்ல. பவுலூச்சி குழுவின் கணக்கில் இமாச்சலப் பூண்டும் கொடைக்கானல் பூண்டும் பூண்டு என்ற ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று இன்னொன்றுக்குக் கீழே வராது. ஆகவே இரண்டாவது பதிலில் இருப்பது இமாச்சலப் பூண்டு என்றால் அது நான்காம் படி, தோல்வி. வெறும் 'பூண்டு' என்ற பதில் இரண்டாம் படி. சரியான சரக்கு மூன்றாவது பதிலில் இருக்கிறது. ஆனால் மன்னவனூர் என்பது கொடைக்கானல் வட்டாரம், அங்கே விளையும் பூண்டு புவிசார் குறியீட்டின் எல்லைக்குள் வரும் என்ற இரண்டு உண்மைகள் எங்காவது இயந்திரம் படிக்கும் வடிவில் இருந்தால்தான் அது மேலே ஏறும்.

வடுகபட்டிக் கமிஷன் கடைக்காரருக்கு இது ஒரு நசுக்கில் தெரிந்துவிடும். பட்டியலுக்கு மூக்கில்லை. காய்கறி, பழம் என்ற பிரிவில் எடை எவ்வளவு என்று கண்டிப்பாகக் கேட்கும். திருப்பி எடுப்பீர்களா, ரத்து செய்யலாமா, எத்தனை நாளில் கிளம்பும் என்றும் கேட்கும். விவசாயி மற்றதையெல்லாம் விளக்கம் என்ற திறந்த கட்டத்தில் அழகான வாக்கியமாக எழுதினால் மனிதர் படித்து ரசிக்கலாம். இயந்திரம் அதை வைத்து உறுதியாக வடிகட்ட முடியாது. 2024-ல் அரசின் மொழிபெயர்ப்புத் திட்டமான பாஷிணியோடு சேர்ந்து ஓ.என்.டி.சி. வெளியிட்ட சாரதி என்ற மாதிரிச் செயலி தமிழையும் தன் முதல் மொழிகளில் சேர்த்துக்கொண்டது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் மொழிபெயர்ப்பு பூண்டைப் பூண்டாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த மலைப் பூண்டு என்பதை மலைக்காரர்கள்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

வாங்குகிறவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த திருப்பம். இதுவரை விற்பவராக இருந்த செயலி, சட்டென்று வாங்குபவராக மாறுகிறது. பூண்டைக் கொண்டுபோக ஆள் வேண்டுமே. அதே வினைகளோடு, அதே வடிவத்தில், இன்னொரு கேள்வியை இந்த முறை சரக்குப் போக்குவரத்துத் துறைக்குள் அனுப்புகிறது: எங்கே எடுப்பது, எங்கே சேர்ப்பது, எத்தனை கிலோ. கொடைக்கானலின் 624101-லிருந்து சென்னைக்கு ஒரே பைக்கில் யாரும் போக மாட்டார்கள். ஆகவே எடுத்த இடத்திலிருந்து நேராகக் கொண்டுசேர்க்கும் உள்ளூர்ச் சேவைகளுக்கு இங்கே வேலையில்லை. கிடங்கு வழியாகப் போகும் சேவைதான் வேண்டும். வந்த விலையைச் சேர்த்துத்தான் முதல் கேள்விக்காரருக்கு மொத்தத் தொகை போகிறது. ஒரு கேள்வியின் வயிற்றுக்குள் இன்னொரு கேள்வி பிறந்து, வாழ்ந்து, பதிலோடு திரும்புகிறது. சேவைகளைக் கோப்பது பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியதெல்லாம் இங்கே ஒரு கிலோ பூண்டுக்காக நடக்கிறது.

பணம் மூன்றாவது சேவை, யுபிஐ வழியாகவே வரலாம். கோப்பதில் உண்மையான கஷ்டம் நன்றாகப் போகும்போது தெரியாது, நடுவில் ஒன்று அறும்போதுதான் தெரியும். பணம் கட்டியாகிவிட்டது, ஆனால் மலைச்சாலையில் மண் சரிந்து வண்டி மேலே வரவில்லை என்றால்? அப்போது ஒவ்வொன்றாகப் பின்வாங்க வேண்டும். வண்டிப் பதிவை ரத்து செய்ய வேண்டும், சரக்கை மீண்டும் விற்பனைக்கு விட வேண்டும், பணத்தைத் திருப்ப வேண்டும். தரவுத்தளத்தில் ஒரே அடியில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். மூன்று தனி நிறுவனங்களின் கணினிகளில் அது நடக்காது. ஒவ்வொரு காரியத்துக்கும் அதன் எதிர்க்காரியம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும், யார் தவறால் ரத்தானது என்ற காரணக் குறியும் கூடவே வர வேண்டும். செலவு யார் தலையில் விழும் என்பதை அந்தக் குறிதான் தீர்மானிக்கும். சமவெளிக் கடைக்கு இது எப்போதோ நடப்பது. மழைக்கால மலை ஊருக்கு இது வருடாந்திரம். காரணக் குறிகளின் பட்டியலைப் போடும் மேசையில் மலை ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எல்லாம் சரியாக நடந்தால் பூண்டு காட்ரோடு இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, திண்டுக்கல் வழியாகச் சென்னை போகும். எடுத்தாயிற்று, கிடங்கில் இருக்கிறது, கிளம்பிவிட்டது, சேர்ந்தாயிற்று என்ற நிலைச்செய்திகள் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் அந்தச் சிறு தாளில் எழுதிய அதே பரிவர்த்தனை எண்ணைச் சுமந்துகொண்டு திரும்பி வரும். கடைசிச் செய்தி வந்து, தொகை விற்பவர், வண்டிக்காரர், இரு செயலிகள் என்று பிரிந்து போனதும் கேள்வியின் ஆயுள் முடிகிறது.

நடுவில் விட்டுப்போன அந்த ஒரு கண்ணிக்கு வருகிறேன். இது உண்மையிலேயே கொடைக்கானல் மலைப்பூண்டுதான் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி அதன் பதிவேட்டில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் குறியீடு, அதன் எல்லை, அதன் குணங்கள். இரண்டாம் பகுதியில் அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்ற உற்பத்தியாளர்கள். கணினித் துறை கால் நூற்றாண்டாகத் தேடிய குடும்ப மரத்தின் ஒரு கிளையை அரசுச் சட்டமே வரைந்து வைத்திருக்கிறது. எந்தப் பொருள், எந்த நிலம், எந்தக் கை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. விற்பனைச் செயலி பட்டியலில் ஏற்றும்போது இந்தப் பதிவேட்டைக் கேட்டு ஆம், இல்லை என்று பதில் வாங்க வேண்டும். அந்தப் பதில் கையொப்பத்தோடு பொருளின் விவரத்தில் ஒட்டி வர வேண்டும். அது வந்தால் 2008-ம் ஆண்டு வாக்கிலேயே குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழைக்கும் அதே வழி திறக்கும், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் திறக்கும். மென்பொருள் அளவில் இது சின்ன வேலை. பெரிய வேலை மலையில் இருக்கிறது: ஒவ்வொரு ஊரிலும் பூண்டு போடுகிறவர்களை இரண்டாம் பகுதியில் பெயர் பதியவைப்பது, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது, நிலத்துக்கான தாளைச் சேர்ப்பது. வேளாண் துறையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் அடுத்த நடவுக்கு முன்னால் கையில் எடுக்க வேண்டியது இந்த வேலையைத்தான்.