உப்புக் காற்றும் கார்க் கண்ணாடியும்

தூத்துக்குடிக் கடல் பல நூற்றாண்டுகளாக முத்தும் சங்கும் தந்த கடல். இங்கு முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. 1974 ஜூலை 11இல் இவ்வூரின் துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு; அதில் பெரும்பங்கு இக்கரையின் உப்பளங்களில் விளைவது. இத்தனையும் தந்த கடலிலிருந்து வீசும் காற்று இரும்பை மட்டும் விட்டுவைப்பதில்லை. இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். இக்கரையில் ஓடிய ஒரு பழைய அம்பாசிடர் காரின் கதவே போதும்.

கைப்பிடியைச் சுற்றுகிறோம், அது சுழல்கிறது, கண்ணாடி அசையவில்லை. புதுக் கைப்பிடி வாங்கி மாட்டுகிறோம். சில மாதங்களில் அதுவும் வெறுமனே சுழலத் தொடங்குகிறது. குறை கைப்பிடியிலா, வேறெங்காவதா? விடை காண இந்தச் சிறு கருவியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தோல் வாரிலிருந்து பற்சக்கரம் வரை

குதிரை வண்டிகளிலும் பழைய ரயில் பெட்டிகளிலும் கண்ணாடியைத் தோல் வாரால் இழுத்து ஏற்றினார்கள். வாரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வேண்டிய உயரத்தில் ஒரு துளையை முளையில் மாட்டினால் கண்ணாடி நிற்கும். வண்டி கட்டிய கைகளே பின்னர் கார்களையும் கட்டின. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் செய்து வந்தது. 1903இல் அங்கு நீராவிக் கார் ஒன்று உருவாயிற்று.

தொடக்கக் காலக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கான்வாஸ் கூரைதான். ஏற்றி இறக்கக் கண்ணாடியே இல்லை. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே மூடிய உடல் கொண்டது. 1927இலோ பத்தில் எட்டுக்கு மேல் அவ்வகையாகிவிட்டது. கார் மூடப்பட்டதும் கனத்த கண்ணாடியை எளிதாக ஏற்றி இறக்கும் தேவை பிறந்தது. சுழற்றும் கைப்பிடி பரவியது அக்காலத்தில்தான். 1940இல் பேக்கார்டு நிறுவனம் விசையால் இயங்கும் கண்ணாடிகளைக் கொண்டு வந்தது. ஆயினும் நம் நாட்டில் கைப்பிடியே நெடுங்காலம் ஆட்சி செய்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றி உத்தரப்பாராவில் உருவான அம்பாசிடரின் உற்பத்தி 2014 வரை நீடித்தது.

மூன்று சுற்றில் ஒரு கண்ணாடி

கைப்பிடியின் தண்டில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அது விசிறி வடிவான ஒரு பெரிய பற்சக்கரத் துண்டைத் திருப்பும். அந்தத் துண்டோடு இணைந்த நீண்ட கையின் முனையில் ஓர் உருளை. கண்ணாடியின் அடியில் உள்ள தகட்டு ஓடையில் அந்த உருளை ஓடும். சிறு சக்கரத்துக்கு 8 பல் என்றும், பெரிய சக்கரம் முழு வட்டமாக இருந்தால் 96 பல் இருக்கும் என்றும் கொள்வோம். சிறு சக்கரம் 12 சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்று. கண்ணாடி முழுதும் ஏறக் கால் சுற்றுப் போதுமாயின், கைப்பிடியை 3 முறை சுற்றினால் வேலை முடிந்தது.

கையை எடுத்ததும் கண்ணாடி ஏன் விழுவதில்லை? இங்குதான் ஒரு நுட்பம் இருக்கிறது. பல கருவிகளில் தண்டைச் சுற்றி ஒரு சுருள்வில், ஒரு கிண்ணத்துக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும். கைப்பிடி தள்ளும்போது வில் சுருங்கிக் கிண்ணத்தை விட்டு விலகும், சக்கரம் சுழலும். கண்ணாடியின் எடை தள்ளும்போதோ அதே வில் விரிந்து கிண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். உள்ளிருப்பவர் சுற்றலாம், வெளியிலிருந்து யாரும் கண்ணாடியை எளிதில் அழுத்தி இறக்க முடியாது!

நீர் போகும் வழி

கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையே மழைநீர் இறங்கத்தான் செய்யும். அதை முழுதும் தடுக்க முடியாது என்பது கதவை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். ஆகவே கதவின் அடியில் சிறு துளைகள் விட்டார்கள். தூத்துக்குடியில் தூசியும் உப்பும் சேர்ந்து அத்துளைகளை அடைத்துவிடுகின்றன. நீர் உள்ளேயே தங்குகிறது.

மழை இல்லாத நாளிலும் தொல்லை தீர்வதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத் துகள் தானே நீரை ஈர்த்துக் கரையும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். எனவே இரும்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு மின்கலங்கள் பல தோன்றி, துரு வேகமாகப் பரவும். முதலில் ஓடை துருவேறும், உருளை சிக்கும். நாம் பலங்கொண்டு சுற்றுவோம். கைப்பிடி பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் ஆனது; தண்டு எஃகு. இரண்டில் மெலிந்தது துத்தநாகமே. உப்புநீரில் எஃகைத் தொட்டிருக்கும்போது அரிப்புக்கு முதலில் இரையாவதும் அதுதான். கைப்பிடியின் உட்பற்கள் தேய்ந்துபோகின்றன. கண்ணுக்குத் தெரிந்த நோய் கைப்பிடியில். நோயின் வேரோ கதவின் அடித்துளையில்!

ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் கண்ணாடிக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகே கருவியைக் கழற்றலாம். அதில் இறுகியிருக்கும் வில் கையைப் பதம் பார்த்துவிடும். அடித்துளைகளைக் குத்தித் திறந்து, நல்ல நீரால் உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். உருளைக்கும் பற்களுக்கும் கிரீஸ் இடலாம். கண்ணாடி ஓடும் ரப்பரில் எண்ணெய் படக்கூடாது. ரப்பர் ஊதிக் கெடும். உள் அட்டைக்குப் பின்னால் இருந்த நீர்காப்புத் தாளைத் தூக்கி எறியாமல் மீண்டும் ஒட்ட வேண்டும். புதுக் கைப்பிடி கடைசியில்தான்.

இது ஒரு காரின் சிக்கல் மட்டுமன்று. துறைமுகப் பளுதூக்கிகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் பாலங்களுக்கும் இதே பகைதான். அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் காரைக்குடியில் எழுந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய்ந்து வருகிறது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கடலோர ஆய்வு மையங்கள் அமைந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

அம்பாசிடர் இனிப் புதிதாக வரப் போவதில்லை. இருப்பவை குறைந்துகொண்டே போகின்றன. கடற்காற்றை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் ஒரு கம்பியை எடுத்து, கதவின் அடியில் பென்சில் பருமனுள்ள ஒரு துளையைத் திறந்துவிட முடியும். பழைய கார்களுள் சில நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஓடுவதற்கு அதுவே முதல் படி.