போக்கிரிகளும் நாடோடிகளும்: வண்டிவீட்டின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தார். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. ஐந்து டாலருக்குப் பின்னால் இருந்த கணக்கு வேறு. முந்தைய வருஷம், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் சுமார் 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைப்பதற்கு 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் உற்பத்தி வரிசையின் முன்னால் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்க மனுஷனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கலைன்னா போய்க்கிட்டே இருந்தான். ஐந்து டாலர் இந்தக் கால்களைக் கட்டிப்போட்ட கயிறு. அதையும் சும்மா கொடுத்துவிடவில்லை. 'சமூகவியல் துறை' என்று ஒன்றை ஏற்படுத்தி, ஆய்வாளர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா, வெளியாளை உள்ளே தங்கவைத்துக் காசு பார்க்கிறானா - எல்லாம் பதிவாயிற்று. வீடு சரியாக இருப்பவனுக்குத்தான் முழு ஐந்து டாலர்.

அறிவிப்பு வந்து ரெண்டு மாசம் ஆகவில்லை. பிப்ரவரி கடைசியில் அதே ஃபோர்டு ஃபிளாரிடாவுக்குப் போய், தாமஸ் ஆல்வா எடிசனோடும் இயற்கையியல் எழுத்தாளர் ஜான் பரோஸோடும் எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டில் கூடாரம் அடித்துப் படுத்தார். அடுத்த வருஷம் டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் சேர்ந்துகொண்டார். 1924 வரை, இடையில் ஓரிரு கோடைகள் தவிர, இந்த நண்பர் கூட்டம் காட்டையும் மலையையும் சுற்றியது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்: நாடோடிகள்.

அமெரிக்க வாகன வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ரெண்டு செய்திகளையும் வேறுவேறு அத்தியாயத்தில் வைப்பார்கள். ஒன்று தொழில் நிர்வாகம், மற்றது பொழுதுபோக்கு. ரெண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்று அழைக்கப்படும் வண்டிவீடு - படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் சக்கரத்தின் மேல் ஏறிய வீடு - இந்த இரட்டைப் பக்கத்திலிருந்துதான் புறப்படுகிறது. யார் நகரலாம், யார் நகரக் கூடாது என்று வகுக்கும் அதிகாரத்தின் கதையாகவே அதைப் படிக்க முடியும்.

நால்வரின் முகாமைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். சமையல்காரர், ஏவலாட்கள், ஓட்டுநர்கள் தனி. அடுப்பும் குளிர்பெட்டியும் பொருத்திய சமையல் வண்டி தனி. எடிசன் மின்கலங்களில் கூடாரத்துக்குள் விளக்கு எரிந்தது. வட்டமான பெரிய சாப்பாட்டு மேசை. நடுத்தட்டைச் சுழற்றினால் பதார்த்தம் எதிரே வந்து நிற்கும். 1921இல் மேரிலாந்து முகாமுக்கு ஜனாதிபதி ஹார்டிங்கே வந்தார். பின்னாலேயே பத்திரிகையாளர்கள், ஃபோர்டின் படப்பிடிப்பாளர்கள். எடிசன் தூங்குவதுகூடச் செய்தி. பிறர் தூங்கினால் அது எந்தப் பக்கத்துச் செய்தி என்பதைப் பிறகு பார்க்கலாம்.

நால்வரில் பரோஸ் எனக்கு முக்கியமானவர். வால்ட் விட்மனின் நண்பர். விட்மனைப் பற்றி 1867லேயே புத்தகம் எழுதியவர். தமிழில் விட்மன் என்றால் பாரதியின் 'நகரம்' கட்டுரை, அப்புறம் புதுக்கவிதைச் சண்டைகள் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். நெடுஞ்சாலையைப் பாடிய அந்தக் கவிஞனின் தோழர், கடைசிக் காலத்தில் கார் முதலாளியின் முகாமில் உட்கார்ந்திருந்தார் என்பது நம் பேச்சில் வருவதில்லை. எந்திர நாகரிகத்தின் மேல் சந்தேகம் கொண்டிருந்தவருக்கு ஃபோர்டு 1913இல் ஒரு கார் பரிசளித்தார். பகை நட்பாயிற்று. காட்டைப் பற்றி எழுதியவரின் கையெழுத்து காருக்குக் கிடைத்தது. ஃபயர்ஸ்டோனின் பங்கு ரப்பர். 1926இல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 வருஷக் குத்தகைக்கு எடுக்க அவர் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கச் சாலையில் ஒருவன் இஷ்டத்துக்குத் திரிய, ஆப்பிரிக்கத் தோட்டத்தில் இன்னொருவன் மரத்தைச் சுற்றியே நிற்க வேண்டும்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 'நாடோடி' என்று அந்தக் கனவான்கள் விளையாட்டாகச் சூட்டிக்கொண்டது, ஆங்கிலச் சட்டத்தில் நூற்றாண்டுகளாகக் குற்றத்தின் பெயர். எலிசபெத் காலத்து ஏழைச் சட்டங்களிலிருந்து 'போக்கிரிகளும் நாடோடிகளும்' என்ற தொடர் அமெரிக்க ஊர்ச் சட்டங்களுக்கு அப்படியே கப்பலேறியது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்த 1865லேயே மிசிசிப்பி ஒரு திரிவோர் சட்டம் போட்டது. வேலைக்கு அத்தாட்சி காட்ட முடியாத கறுப்பரைப் பிடித்து அபராதம் விதிக்கலாம். கட்ட முடியாவிட்டால், யார் அதைக் கட்டுகிறாரோ அவரிடம் வேலைக்கு விடலாம். விடுதலை என்பது முதலில் நடக்கிற விடுதலை. அதனால்தான் முதலில் காலைப் பிடித்தார்கள். கைதிகளை முதலாளிகளுக்கு வாடகைக்கு விடும் முறையை அலபாமா 1928இல்தான் கைவிட்டது. அதாவது ஃபோர்டு கோஷ்டி கடைசி முகாமைச் சுருட்டி நாலு வருஷம் கழித்து.

இதே ஆங்கிலப் பார்வையின் இன்னொரு கிளை 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக இந்தியாவுக்கு வந்தது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும். நம்மூரில் ரேகைச் சட்டம் என்றால் இன்றும் தெரியும். ராத்திரி எங்கே படுக்கிறாய் என்பதுதான் இந்தச் சட்டங்கள் எல்லாம் கேட்கும் கேள்வி. நம் மொழியும் இதில் யோக்கியமில்லை. 'பரதேசி' என்றால் வேறு தேசத்திலிருந்து வந்தவன், அவ்வளவுதான். அது எப்படி வசவாயிற்று?

வண்டிவீட்டுக்குத் திரும்புவோம். ஃபோர்டின் மலிவுக் கார் வந்ததும் சாதாரண வெள்ளையரும் கிளம்பினார்கள். 1919இல் ஃபிளாரிடாவின் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் 'தகரடப்பாச் சுற்றுலாக்காரர்கள்' என்ற சங்கம் உருவாயிற்று. டப்பா உணவு தின்று, காரோடு கட்டிய கூடாரத்தில் படுத்தவர்கள். காரின் மூக்கில் ஒரு தகரடப்பாவைப் பற்றவைத்திருந்தால் நம்மாள் என்று அடையாளம். முப்பதுகளின் நடுவில் ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர், இருபது வருஷத்தில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் இழுவண்டியில்தான் வாழ்வார்கள் என்று ஆரூடம் சொன்னார். பலிக்கவில்லை. ஆனால் அப்படி நினைக்க இடமிருந்தது.

1936ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் மூன்று காரியங்கள் நடந்தன. வாலி பயமின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம், இன்றைக்கும் அந்த வாழ்க்கையின் சின்னமாக இருக்கிற வெள்ளிநிற அலுமினிய 'கிளிப்பர்' இழுவண்டியை 1,200 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களைக் கலிபோர்னியாவின் எல்லைகளுக்கு அனுப்பி, கையில் காசில்லாமல் வருகிறவர்களைத் திருப்பியடித்தார். நகரப் போலீசுக்கு மாநில எல்லையில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. புழுதிப்புயலில் நிலம் போய், சட்டிபானை, மெத்தை, பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் காரில் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களும் அதில் அடக்கம். அவர்களுடையதும் வண்டிவீடுதான். அலுமினியத்தில் இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது, ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பர்கள் வழியில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் 'பச்சைப் புத்தக'த்தின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். திறந்த சாலை என்கிறார்களே, அது யாருக்கு எங்கெங்கே மூடியிருந்தது என்பதற்கான வரைபடமாக அதை வாசிக்கலாம்.

காடும் அப்படித்தான். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பர்களுக்கென்று லூயிஸ் மலையில் தனி முகாம் 1939இல் திறக்கப்பட்டது. நடுவண் அரசின் நிலத்தில், நடுவண் அரசின் பணத்தில் கட்டிய சேரி. 1950வாக்கில்தான் இந்தப் பிரிவினை முழுதாக விலகியது. 'இயற்கையின் மடியில் எல்லாரும் ஒன்று' என்று எழுதுகிறவர்கள் அந்த மலையையும் ஒருதரம் பார்த்துவிட்டு எழுதலாம்.

எல்லை தாண்டிய ஏழைகள் பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு 1941இல் போனது. கலிபோர்னியாவின் மேரிஸ்வில்லில் இருந்த எட்வர்ட்ஸ் என்பவர், டெக்சாஸில் வேலையில்லாமல் கிடந்த மைத்துனரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். கிளம்பும்போது மைத்துனரிடம் இருபது டாலர் இருந்தது. வந்து சேரும்போது கையில் சல்லிக்காசில்லை. ஏழையை மாநிலத்துக்குள் கொண்டுவந்த குற்றத்துக்காக எட்வர்ட்ஸுக்கு ஆறு மாதத் தண்டனை (நிறுத்திவைக்கப்பட்டது). நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பின் காரணத்தைக் கவனியுங்கள்: இது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்குத் தடையாம். மைத்துனர் சரக்காகிவிட்டார். நீதிபதி வில்லியம் டக்ளஸ் வேறு இருவரின் ஆதரவோடு தனியாக எழுதினார்: நடமாடுவது தேசியக் குடியுரிமையின் பகுதி, வணிகத்தின் பகுதியன்று.

டக்ளஸ் மலையேறி. 1954இல், வாஷிங்டனிலிருந்து செல்லும் பழைய கால்வாய்க்கரையில் கார்ச்சாலை போடுவதை எதிர்த்து சுமார் 300 கிலோமீட்டர் நடந்து காட்டியவர். அந்தக் கரை பின்னர் பூங்காவாயிற்று. முப்பது வருஷம் கழித்துத் திரிவோர் சட்டம் மறுபடி அவர் மேசைக்கு வந்தது. 1969இல் ஃபிளாரிடாவின் ஜாக்சன்வில் நகரில் நான்கு நண்பர்கள் காரில் போனார்கள். இரண்டு வெள்ளைப் பெண்கள், இரண்டு கறுப்பு ஆண்கள். ஆண்களில் ஒருவர் கடற்படையிலிருந்து வந்த கல்லூரி மாணவர், மற்றவர் மளிகைக் கிடங்குத் தொழிலாளி. உணவகத்திலிருந்து இரவு விடுதிக்குப் பிரதான சாலையில் போய்க்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் கைது செய்தது. குற்றம்: காரில் பதுங்கித் திரிதல். நகரச் சட்டத்தின் பட்டியல் 'போக்கிரிகளும் நாடோடிகளும்' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஃபிளாரிடாவில் காரில் நாலு நண்பர்கள்; ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதே மாநிலத்துச் சதுப்புக்காட்டில் படுத்தவர்களை எந்தப் போலீஸ்காரரும் எழுப்பவில்லை. 1972இல் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு, எவரை வேண்டுமானாலும் பிடிக்க இடம்கொடுக்கும் தெளிவின்மையைக் காரணம் காட்டி அந்தச் சட்டத்தை அடித்தது. அதில் விட்மன் பெயர் வருகிறது. பரோஸின் நண்பர் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது இங்கேதான் என்பேன்.

இதற்குப் பிறகுதான் வண்டியிலேயே முழுநேரமும் வாழ்கிறவர்கள் ஒரு சமூகமாகத் திரண்டார்கள். 1978இல் 'எஸ்கேப்பீஸ்' சங்கம். அதன் தலைமையிடம் டெக்சாஸின் லிவிங்ஸ்டன். சங்கத்தின் பெரிய சேவை என்ன தெரியுமா? முகவரி. ஊர் ஊராகப் போகிறவருக்கும் ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வாக்குச்சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரு கதவிலக்கம் வேண்டும். கடிதங்களை வாங்கிப் பின்தொடர்ந்து அனுப்புகிறார்கள். டெல்யூஸ்-கத்தாரியை வைத்துக்கொண்டு நம் பத்திரிகைகளில் 'நாடோடியம்' பேசியவர்கள் உண்டு, நானும் ஆர்வமாகப் படித்திருக்கிறேன்; அரசுக்கு வெளியே திரியும் அந்தக் கோட்பாட்டு நாடோடிக்குத் தபால் எங்கே போகும் என்று யாரும் எழுதவில்லை.

அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில், பொதுநிலத்தில் பொதுவாக ஓரிடத்தில் 14 நாள்தான் தங்கலாம் என்ற விதிக்கு விலக்காக, குளிர்காலம் முழுக்கத் தங்குவதற்கான பகுதிகள் 1983இல் ஒதுக்கப்பட்டன. ஓய்வூதியக்காரர்கள் குவிந்தார்கள். 2008 வீட்டுக்கடன் சரிவுக்குப் பின் வந்தவர்கள் வேறு ரகம். வீட்டை வங்கியிடம் விட்டு, பழைய வேனில் ஏறிய அறுபது, எழுபது வயதுக்காரர்கள், பெண்கள் நிறைய. அமேசான் 2008 முதல் பல ஆண்டுகள் பண்டிகைக் காலத்தில் இவர்களைக் கிடங்கு வேலைக்கு எடுத்தது. தங்குமிடத்தைத் தாங்களே கொண்டுவருகிற தொழிலாளி! ஃபோர்டு வீட்டுக்கு ஆய்வாளரை அனுப்ப வேண்டியிருந்தது. இங்கே வீடே கிடங்கு வாசலில் நிற்கிறது. ஜெசிகா ப்ரூடரின் 'நோமேட்லேண்ட்' (2017) நூல் இதை விரிவாகச் சொல்கிறது. அதன் திரைப்படம் 2021இல் ஆஸ்கார் வாங்கியது. கிடங்கின் கசப்பைப் படம் அந்திவானத்தில் கரைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக அந்தப் பாலைவனக் கூட்டத்தை வெறும் ஏமாளிகள் என்று ஒதுக்க நான் தயாரில்லை. பாப் வெல்ஸ் என்பவர் தொடங்கிய குளிர்காலச் சந்திப்பில் சூரியத்தகடு பொருத்துவது, வாளியைக் கழிப்பறையாக்குவது, போலீஸ் தட்டாத இடத்தில் வண்டியை நிறுத்துவது எல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ராத்திரி தீ மூட்டி உட்காருகிறார்கள். வாடகை என்ற சொல்லை வாழ்க்கையிலிருந்து கழற்றி எறிந்ததில் ஒரு மீறல் இருக்கிறது. தனித்து விடப்பட்ட முதியவளுக்கு நட்பு கிடைக்கும் இடத்தைக் கோட்பாடு பேசிக் கேலி செய்வது நமக்கு அழகில்லை. கேள்வி பாலைவனத்தில் எழுவதில்லை. வண்டி ஊருக்குள் வரும்போது எழுகிறது.

லாஸ் ஏஞ்சலஸில் வண்டியை இருப்பிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்று 1983இல் போட்ட சட்டம் இருந்தது; காரில் சாப்பிடுகிற எவரையும் அதன்கீழ் பிடிக்கலாம், பிடிபட்டதோ வீடற்றவர்கள் மட்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அதை ரத்து செய்தது. 1972 தீர்ப்பு அங்கே துணைக்கு வந்தது. பத்தே வருஷம். 2024 ஜூன் 28 அன்று, ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் ஊர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஊரின் பக்கம் நின்றது. அந்த ஊரின் அப்போதைய சட்டப்படி பொது இடத்தில் தங்குவதற்காகப் போர்வை விரித்தாலும் முகாம், வண்டியில் படுத்தாலும் முகாம். முதல் அபராதம் 295 டாலர். கட்டாவிட்டால் 537 டாலரைத் தாண்டும். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையத் தடை, தடையை மீறினால் 30 நாள்வரை சிறை.

கிராண்ட்ஸ் பாஸ் ஒரு சுற்றுலா ஊர். ஆற்றில் படகுவிடக் கோடைதோறும் கூட்டம் வரும். கரையோரம் கட்டணம் வாங்கி வண்டிவீடுகளை நிறுத்த இடம் விடும் பூங்காக்கள் இருக்கின்றன. ஆற்றின் பெயர் 'ரோக்'. தமிழில் சொன்னால் போக்கிரி ஆறு. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளைப் போக்கிரிகள் என்று கருதிய பிரெஞ்சுத் தோல் வியாபாரிகள் வைத்த பெயர் அது.